பெயர் வெட்டிய கத்தி

அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டாச் சிலுவையும் பதிந்திருக்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. 1682 முதல் இந்த முத்திரை தங்களுடையது என்று அவர்கள் விளம்பரம் செய்துவந்தார்கள். முத்திரையை ஒட்டி ஒரு கிரீடம், அதன் இருபுறமும் ஜி, ஆர் என்ற எழுத்துகள். ஆளும் மன்னரின் பெயரெழுத்தை அலகில் பொறிப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஐந்தாம் ஜார்ஜ் 1910இல் பட்டத்துக்கு வந்தார், ஆறாம் ஜார்ஜ் 1952இல் இறந்தார். அந்த இடைவெளியில் எப்போதோ இந்த மடக்குக் கத்தி உருவாகியிருக்கிறது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் 1913இல் கண்டுபிடித்துவிட்டார். என்றாலும் நன்றாகக் கூர்பிடிக்கும் என்பதற்காகப் பழைய கரி எஃகையே விரும்பியவர்கள் வெகுகாலம் இருந்தார்கள். இந்த அலகுகளும் கரி எஃகுதான். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

கைப்பிடி கடமான் கொம்பு. ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் இந்தியக் கடமானின் கொம்பைத் தேடி வாங்கினார்கள். ஐரோப்பிய மான்களின் கொம்பு நடுவில் சோறு போட்டது போலப் பஞ்சாக இருக்கும். கடமானுடையது உள்வரை கெட்டி. மான் உதிர்க்கும் கொம்பைக் காட்டில் பொறுக்கி மூட்டைகட்டிக் கப்பலேற்றினார்கள். நம் காட்டிலிருந்து போனது கத்தியாகி, திரும்பவும் கடமான் மேயும் ஆனைமலைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கொம்பின் நடுவில் கேடய வடிவில் ஒரு சிறு தகடு பதித்திருக்கிறார்கள். பார்க்க வெள்ளி மாதிரி இருந்தாலும் செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை அது. அந்தத் தகட்டில் ஆங்கிலத்தில் என் தாத்தாவின் முதலெழுத்துகள், கீழே 1956, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொருவரின் முதலெழுத்துகள். உளியால் கையில் வெட்டிய எழுத்து. ஒவ்வொரு கோடும் மெலிதாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி மெலிகிறது. தாத்தா ஆனைமலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கண்டக்டராக, அதாவது தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் மேற்பார்வையாளராக இருந்தார். தன் ஊருக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை போகும்போது கொடுத்துவிட்டுப் போன கத்தி.

தாத்தாவுக்குப் பிறகு அது மாமாவிடம் இருந்தது. மாமா வீட்டைக் காலிசெய்து மகனோடு போய்ச் சேரவேண்டி வந்தபோது, பிரித்துக் கொடுக்க வேண்டியவற்றையெல்லாம் கொடுத்துவிட்டு இதை மட்டும் என்னிடம் நீட்டினார். நீட்டினார் என்று சொல்வது சரியில்லை. எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். திண்ணையில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். “மாப்ள, நீதான் இதெல்லாம் எழுதறவன். வெச்சுக்கறதா, ஆருக்காவது குடுக்கறதா, நீயே ஒரு முடிவச் சொல்லிப்போடு” என்றார்.

முதலில் விற்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிகிற விஷயம். காட்டு விலங்கின் உடற்பகுதியால் செய்த பொருளை இங்கே நினைத்தபடி விற்கவோ வாங்கவோ முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கிறது, நிற்கவும் வேண்டும். பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்வதற்கு என்ன முறை என்று வனத்துறையில் கேட்டுக்கொள்வதுதான் நேர்வழி. ஆக, விற்பனை இல்லை. ஆனால் விலையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பழைய கத்திகளைச் சேகரிப்பவர்கள் விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டபோது எனக்குள் ஏதோ முரண்டியது.

அவர்களுக்கு அலகு முழுசாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் தீட்டியதற்கு மேல் யாரும் சாணை பிடித்திருக்கக் கூடாது. அலகு தேயத் தேய விலை இறங்கும். பெயர் வெட்டியிருந்தாலும் இறங்கும். பெயருக்குரியவர் ஊரறிந்தவராக இருந்தால் மட்டும் ஏறும். எங்கள் தாத்தாவின் பெரிய அலகு நடுவில் உள்வாங்கி, முனையை நோக்கி ஊசியாக மெலிந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் கல்லில் தேய்த்த தேய்மானம். சந்தைக்கு அது சேதம். எனக்கோ அந்தக் கத்தியில் தாத்தா இருக்கும் இடமே அதுதான். தகட்டிலுள்ள எழுத்து அவருடைய பெயர், ஆனால் இன்னொருவர் சொல்லி, வேறொருவர் கையால் வெட்டியது. அலகின் வளைவு அவரே செய்தது. அலகு முழுக்கப் படர்ந்திருக்கும் கருநீல நிறமும் அவர் செய்தது. பாக்கிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். மாங்காயும் எலுமிச்சையும் தம் பங்குக்கு நிறம் ஏற்றும். அப்படிக் கறுத்த மேற்பரப்பு செந்துருவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறது. பளபளவென்று தேய்த்து வைத்தால் அழகாக இருக்குமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுப்பேன். அவர் சீவிய பாக்கெல்லாம் அந்தக் கறுப்பில் இருக்கிறது.

பெயருக்காகவே பாதுகாக்கப்பட்ட மடக்குக் கத்திகளில் ஆபிரகாம் லிங்கனுடையதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1865 ஏப்ரலில் ஃபோர்டு அரங்கத்தில் அவர் சுடப்பட்ட இரவு, சட்டைப்பைகளில் இருந்தவை இவை: இரண்டு மூக்குக்கண்ணாடிகள், தந்தப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி, தோல் பணப்பை, அவர் பெயரைச் சிவப்பு நூலில் தைத்த கைக்குட்டை, இன்னும் சில. குடும்பத்தில் கைமாறிக்கொண்டிருந்தவை 1937இல் பேத்தி வழியாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. அங்கேயும் மூடிய பெட்டியில்தான் இருந்தன. 1976இல் அந்த நூலகத்தின் தலைவராயிருந்த டேனியல் பூர்ஸ்டின் பெட்டியைத் திறந்து மக்கள் பார்வைக்கு வைத்தார். பெரிய மனிதரின் பையில் இருந்த சின்னப் பொருள்களைப் பார்க்க மக்களுக்கு ஆசை இருக்கிறது. அந்தக் கத்தி இனி எதையும் வெட்டப்போவதில்லை. லிங்கனின் கத்திக்கு அதுதான் பொருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிக்குள் வைப்பதற்கு, அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கதை தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துக் கண்டக்டர் ஒருவரின் கத்தியைக் கண்ணாடிக்குள் வைத்தால் பார்ப்பவர் படிக்கப்போவது முத்திரையையும் ஆண்டையும் மட்டுமே.

பெயர் வெட்டிய பொருளோடு எப்படி வாழ்வது என்பது தமிழ் வீடுகளுக்குப் புதிய கேள்வியே அல்ல. பாத்திரக் கடையில் தூக்குவாளியும் குடமும் வாங்கினால் அங்கேயே மின் ஊசியால் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். எங்கள் வீட்டில் இன்றும் நான் காப்பி குடிக்கும் டம்ளரில் அம்மாவின் பெரியம்மா பெயர் இருக்கிறது. அவர் இறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. யாரும் அந்த டம்ளரை அலமாரியில் ஏற்றிவைக்கவில்லை, பெயரைத் தேய்த்து அழிக்கவும் இல்லை. தினமும் கழுவிக் கவிழ்க்கிறோம். ஓட்டை விழுந்தால் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம், அதில் வேறொருவர் பெயர் வெட்டப்படும். இந்த எளிமையில் ஒரு பெருந்தன்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பெயர் இருப்பதால் பொருளுக்குப் பயனிலிருந்து ஓய்வு கிடைப்பதில்லை.

அந்த வழியிலேயே கத்தியையும் முடித்திருக்கலாம். ஆனால் டம்ளரில் இருப்பது ஒரு பெயர். கத்தியில் இரண்டு. அந்த இரண்டாவது பெயர்தான் என் அண்ணன் முறையுள்ள ஒருவருக்கு உறுத்தியது. துரையின் எழுத்தை மட்டும் அழித்துவிடலாமே என்றார். “நம்ம தாத்தா பேரு போதும். அவன் பேரு எதுக்கு நமக்கு?” அவர் சொன்னதில் கோபம் இருந்தது, அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. செய்வதும் கடினமில்லை. எழுத்து ஆழமாக இல்லை, நல்ல நகாசுக்காரர் அரைமணி நேரத்தில் தேய்த்துவிடுவார். ஆனால் தேய்த்த இடம் குழியும். வெள்ளிச் சாமான் வாங்குகிறவர்கள் சந்தேகப்பட்டால் அதன்மேல் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். ஆவி படிந்ததும் அழித்த எழுத்தின் தடம் மேலே வரும். அழித்தால் துரை போகப்போவதில்லை. கத்தி எங்கிருந்து வந்தது என்பது மட்டும்தான் போகும். நம் தாத்தா தன் சம்பளத்தில் கடைக்குப் போய் வாங்கிய கத்தி என்று அடுத்த தலைமுறை நம்பத் தொடங்கும். அப்படி ஒரு பொய்யைத் தகட்டில் எழுத எனக்கு மனமில்லை.

அப்படியானால் மெய்யை முழுதாகச் சொல்ல வேண்டும். கத்தியில் பெயர் இல்லாதவர்களிடமிருந்து அதைத் தொடங்குகிறேன்.

அலகைத் தீட்டியவருடைய பெயர் அதில் இல்லை. ஷெஃபீல்டின் சாணைத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றிக் கால்வர்ட் ஹாலண்ட் என்ற மருத்துவர் 1843இல் ஒரு நூலே எழுதினார். மருத்துவர் நைட் என்பவரை மேற்கோள் காட்டி ஏங்கல்ஸ் 1845இல் எழுதியது இன்னும் பலரும் அறிந்தது: உலர்சாணையில் வேலை செய்பவர்களின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தைத் தொடுவதே அரிது, நீர்ச்சாணைக்காரர்கள் நாற்பத்தைந்தைத் தாண்டுவது அபூர்வம். கல்தூசியும் எஃகுத்தூசியும் நெஞ்சில் படிந்து செத்தார்கள். எங்கள் கத்தி செய்யப்பட்ட காலத்துக்குள் தூசியை உறிஞ்சும் விசிறிகள் வந்துவிட்டன, சட்டங்களும் வந்துவிட்டன. ஆனாலும் நட்சத்திரமும் சிலுவையும் உலகப் புகழ் பெற்றது யாருடைய மூச்சால் என்பதில் சந்தேகமில்லை.

ஆனைமலையின் கதை தமிழ் வாசகருக்குத் தெரிந்ததுதான். வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் கவர்கல் அருகே கார்வர் மார்ஷ் என்ற துரைக்குச் சிலை இருக்கிறது. அந்தக் காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களில் முன்னோடி என்ற பெருமைக்காக வைத்த சிலை. மரத்தை வெட்டியவர்களுக்கும் மலேரியாவில் மாண்டவர்களுக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. தோட்ட மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ நாவலை எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தபோதுதான் நம்மில் பலருக்கு அந்த மலையின் மறுபக்கம் தெரிந்தது. டேனியல் எழுதியது 1920களின் கொடுமையை. தாத்தா வேலைக்குச் சேர்ந்தபோது காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, வீடும் மருத்துவமும் நிர்வாகத்தின் கடமையாயின. அடி குறைந்தது. பெரட்டு குறையவில்லை.

விடியும் முன் எல்லோரும் வரிசையில் நிற்பதைத்தான் பெரட்டு என்பார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கண்டக்டர் பெயர் கூப்பிடுவார். எந்த மலைக்கு யார், கொழுந்து பறிக்க யார், கவாத்துக்கு யார் என்று அங்கேதான் பிரிப்பார்கள். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். தாத்தா அதை எப்படிச் செய்தார் என்பதை, ஓய்வுபெற்று, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டைக் காலிசெய்து சமவெளிக்கு இறங்கிவிட்ட ஒரு பாட்டியிடம்தான் தெரிந்துகொண்டேன். வேறு ஒரு வேலையாகப் போன இடத்தில் தாத்தாவின் பேச்சு வந்தது. பையிலிருந்த கத்தியைக் காட்டினேன்.

“கண்டக்டர் அய்யா கத்தி இல்ல இது!” என்றார் உடனே. “பெரட்டுல பாக்குச் சீவிக்கிட்டேதான் பேரு கூப்புடுவாரு. எங்களுக்குப் பேரு முடிஞ்சதுகூடக் காதுல விழாது. கத்திய டக்குனு மடக்குவாரு பாருங்க, அந்தச் சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் ஓடியாந்தா வேல இல்ல. பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்தேன்னு சொன்னாலும் இல்ல. திரும்பிப் போன்னு கையக் காட்டுவாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை எப்போது பிடிக்கும், பனி எப்போது இறங்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ராட்ஜர்ஸ் கத்தியின் வில் உறுதியானது. மடக்கினால் நறுக்கென்று ஒரு சத்தம் வரும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு பொருள்தான். சாப்பாடு முடிந்தது, தாத்தா பாக்குச் சீவி முடித்துவிட்டார், இனி கதை சொல்வார். அம்மாவும் மாமாவும் சித்தியும் அந்த ஓசையை எவ்வளவு ஆசையோடு விவரிப்பார்கள்! அதே ஓசை மலையில் ஒரு தாயின் ஒரு நாள் கூலியை இல்லாமல் ஆக்கியிருக்கிறது. இரண்டும் உண்மை. தாத்தா பாசமான மனிதர். அதில் எனக்கு எந்த மறுபரிசீலனையும் இல்லை. துரை எதற்காக அவருக்கு ராட்ஜர்ஸ் கத்தி கொடுத்தார் என்பதும் இப்போது எனக்குத் தெளிவு. பெரட்டு நேரத்துக்கு முடிந்தது, செக்ரோல் சரியாக இருந்தது. அதற்குத்தான்.

பாட்டியின் கணவர் கவாத்து வெட்டியவர். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரமாகிவிடும். சரிவில் நின்றுகொண்டு வீசும் கத்தி, செடியின் கிளை பிளக்காமல் ஒரே வீச்சில் சாய்வாக அறுக்க வேண்டும். பிளந்தால் வெட்டுவாயில் நோய் ஏறும். நல்ல கவாத்துக்காரனின் கை என்பது தோட்டத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று தோட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கத்தி இப்போது எங்கே என்று கேட்டேன். “அது எஸ்டேட்டுக் கத்தி. வேலைய விட்டப்போ ஸ்டோர்ல குடுத்துட்டு வந்துட்டாரு” என்றார்.

என் மனம் அங்கே போய் நின்றுவிட்டது. கத்தியைப் பாட்டியிடமே கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அது என் நிம்மதிக்காகச் செய்வதாக இருந்திருக்கும். தன் கூலியை வெட்டிய சத்தத்தை ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பது எந்த விதத்தில் ஈடு? அவரோ அதற்குள் பெரிய அலகைத் திறந்து கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்த்துவிட்டு, “மழுங்கிக் கெடக்கே. தீட்டி வைக்கக் கூடாதா?” என்றார். பல ஆண்டுகள் கத்தியோடு பழகிய வீட்டின் பேச்சு அது. பெயரையோ ஆண்டையோ துரையையோ அவர் பார்க்கவில்லை. பதம் இருக்கிறதா என்று பார்த்தார்.

என் முடிவுக்கு அந்தக் கேள்விதான் திசைகாட்டியது. சித்தி மகளின் மகள் ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்புக்குள் ஜாதிக்காய் ஊடுபயிர் செய்கிறாள். படித்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவள். பழுத்து வெடித்த ஜாதிக்காயில் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக வலை போலப் பின்னியிருக்கும் பத்திரியை உடையாமல் பிரித்தெடுத்தால்தான் விலை. அதற்கு மெல்லிய முனையுள்ள சின்னக் கத்தி வேண்டும். தாத்தாவின் தேய்ந்த அலகு அதற்கென்றே மெலிந்தது போல இருக்கிறது. அவளிடம் சொன்னேன். முதலில் தயங்கினாள். “தொலைச்சுட்டா என்ன மாமா பண்றது? தோப்புல எத்தன பேரு வேல செய்யறாங்க” என்றாள். தொலையலாம் என்றேன். பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தால் கத்தியின் பெயரில் ஒரு பாரத்தைத்தான் கொடுத்ததாகும். அவளுடைய பெயரைத் தகட்டில் சேர்க்கலாமா என்று மாமா கேட்டார். இடமும் இருக்கிறது. வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஒன்றை மட்டும் கூடவே வைத்திருக்கிறேன். ஒரு தாளில், கையால், தமிழில் எழுதியது. கத்தி எங்கே செய்தது, கொம்பு எந்த விலங்கினுடையது, தாத்தா யார், என்ன வேலை, துரை எப்போது ஏன் கொடுத்தார், எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள், இவையெல்லாம் அதில் உண்டு. பாட்டி சொன்னதையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கி, போட்டேன். அவர் கணவர் பெயரையும் கவாத்துக்காரர் என்று குறிப்பிட்டுப் போட்டேன். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுத்தாயிற்று. தாளைப் படித்த மாமா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்பா அப்படித்தான். நேரம்னா நேரம்” என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி எங்களுக்குள் பேச்சு எழவில்லை. எழும் என்று நினைக்கிறேன், எழவும் வேண்டும்.

இனி பாக்கி இருப்பது கைவேலை. கரி எஃகு எளிதில் கூர்பிடிக்கும், எளிதில் துருவும் பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்துவிட வேண்டும். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கொம்பு உப்பி ஆணியிலிருந்து விலகும். கீலில் தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். சாணைக்காரரின் சக்கரத்தில் கொடுத்தால் சூட்டில் பதம் போய்விடும் என்பதால் கல்லிலேயே தீட்டச் சொல்லியிருக்கிறேன், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸும் உள்ள கல் பொள்ளாச்சியிலேயே கிடைக்கும். ஆடி மழை முடிவதற்குள் வாங்கிவிடுவதாகச் சொன்னாள், இந்த ஆண்டுக் காய்ப்பு அதற்குள் முடிந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை.